பதினைந்து ஆம்பியர் தாய்மாமன்

அசோக்குமாருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. முழுசாகத் தெரிந்த விஷயமும் எதுவும் கிடையாது. இதைச் சொன்னது அவருக்கு ஆகாதவர்கள் இல்லை. அவரே சொல்வார், அதுவும் புதிதாக அறிமுகமாகிறவர்களிடம், கை குலுக்கிய சூட்டோடு. தன்னைப் பற்றிய உண்மையைத் தானே சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு திருந்த வேண்டியதில்லை என்பது அவர் கண்டுபிடித்த சௌகரியம்.

படித்தது இயற்பியல். பிழைப்பு இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஆனையூரில் சொந்த வீடு. எல்லா வேலையும் முடிந்து, மாடிப்படிக்குக் கைப்பிடி மட்டும் பாக்கி. வைத்தால் இருட்டியதும் தானே எரிகிற விளக்கோடு சேர்த்துத்தான் வைப்பது என்று அவர் முடிவு செய்து பல வருஷம் ஆகிறது. மனைவி பாண்டிமீனா ஈரத்துணி வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுவரைத் தடவித் தடவி மாடியேறுவாள். "விழுந்தாலும் பாலிசி இருக்குல்ல, அது போதும்" என்பாள்.

ஆவணியில் காது குத்து என்று சேதி வந்தது. அசோக்குமாரின் ஒரே தங்கை முனீஸ்வரி கருமாத்தூருக்கு மேற்கே வாக்கப்பட்டிருந்தாள். அவளுடைய இளைய பிள்ளை, மூன்று வயசு நிவிஷாவுக்குத்தான் காது குத்து. அந்தப் பக்கத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவார்கள். மாமன் என்ன சீர் கொண்டுவந்தான் என்பது நாளாவட்டத்தில் மறந்துபோகும். யார் மடி என்பது மறக்கவே மறக்காது. இதில் ஒரு சிக்கல், சித்தப்பா மகனும் தாய்மாமன் கணக்கில்தான் வருவான். அசோக்குமாருக்கு சூரியபிரகாஷ் என்று ஒரு சித்தப்பா மகன் இருந்தான். ஜேசிபி வாடகைக்கு விட்டான், கேட்டவர்களுக்கெல்லாம் உதவினான், சொன்ன நேரத்துக்கு வந்தான். இப்படிப்பட்ட ஒருத்தனை வெறுக்கக் காரணம் தேடுவது எவ்வளவு சிரமம் என்பது அசோக்குமாருக்குத்தான் தெரியும்.

முனீஸ்வரியின் மூத்த மகனுக்குக் காது குத்தியபோது, ரிமோட்டை அமுக்கினால் பந்தலிலிருந்து பூ கொட்டுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்திருந்தார் அசோக்குமார். நேரம் வந்தபோது பூ கொட்டவில்லை. அவர் ஏணியில் ஏறி ஒயரை உருவிக்கொண்டிருந்த நேரத்தில், கீழே பையன் சூரியபிரகாஷ் மடியில் உட்கார்ந்து, காது குத்தி, அழுது, மிட்டாய் வாங்கித் தின்று, தூங்கியும் போனான். அந்தப் போட்டோ முனீஸ்வரி வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அதில் ஏணியின் கீழ்ப்படியும் அசோக்குமாரின் ஒரு செருப்பும் விழுந்திருக்கின்றன.

நிவிஷாதான் கடைசி. இந்த மடியும் போய்விட்டால் அப்புறம் தாய்மாமன் என்பது கல்யாணப் பத்திரிகையில் போடுகிற பேர் மட்டும்தான்.

முனீஸ்வரி போனில் தெளிவாகத்தான் சொன்னாள்: "அண்ணே, சீரு நீ என்ன வச்சாலும் சரி. மாமனா வா. எலெக்ட்ரீசியனா வராத."

"சரிம்மா" என்று சொல்லி போனை வைத்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. அசோக்குமாரின் வாய் அவருக்கு முந்தியே பிறந்தது. "ரேடியோ செட்டு என் பொறுப்பு" என்றார். "முழுக்க முழுக்க சூரிய வெளிச்சத்துல ஓட்டிக் காட்டுறேன்."

அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணமும் இருந்தது. காது குத்து நடக்கிற குலசாமி கோயில் காட்டுக்கு நடுவில் இருக்கிறது; கரண்டுக் கம்பம் அந்தத் திசைக்கே வந்ததில்லை. விசேஷம் என்றால் ஜெனரேட்டர்தான். போன மாசியில் கோயில் பூசாரி பேயாண்டிக்குச் சாமி வந்து வாக்குச் சொன்னபோது, ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் ஒருத்தர் காதிலும் ஒன்றும் விழவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்பதற்குள் சாமி மலையேறிவிட்டது. அன்றிலிருந்து கோயில் எல்லைக் கல்லுக்கு உள்ளே ஜெனரேட்டர் கூடாது என்று கட்டுப்பாடு. ரேடியோ செட் இல்லாமல் அந்த ஊரில் விசேஷம் நடந்தால், நடந்ததாகவே கணக்கில்லை.

முனீஸ்வரி ஒரு பேச்சு வைத்தாள்: "செட்டு நிக்காம ஓடுனா உன் மடி. நின்னுச்சுன்னா சூரியபிரகாஷ் அண்ணன் மடி. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடக் கூடாது."

"ஒரு பாட்டு நின்னாலும் என் பேரு அசோக்குமார் இல்ல."

"முன்னயும் இதத்தான் சொன்ன. பேர மாத்துன மாதிரி தெரியல."

தெரிந்த கஸ்டமர் ஒருவரின் மொட்டைமாடியில் சும்மா கிடந்த சோலார் பேனலையும், இன்வெர்ட்டர் கடையில் கழித்துப்போட்ட பேட்டரியையும் கொண்டுவந்து ஆனையூர் மாடியில் பரப்பினார். பேனல் கொடுப்பது அதிக வோல்ட். பேட்டரிக்கு வேண்டியது பன்னிரண்டு, பதினான்கு. நடுவில் அதைக் குறைத்துக் கொடுக்க உள்ளங்கை அகலத்தில் ஒரு கன்வெர்ட்டர் போர்டு ஆன்லைனில் வாங்கினார். அதில் குட்டியாக இரண்டு பித்தளைத் திருகு. ஒன்று வோல்ட்டுக்கு. இன்னொன்று, இத்தனை ஆம்பியருக்கு மேல் போகாதே என்று வரம்பு கட்டுவதற்கு. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எவ்வளவு போகிறது என்று காட்டும்.

துணி காயப்போட வந்த பாண்டிமீனா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "வீட்டுக் கரண்டுல போட்டு பேட்டரிய நிறைச்சுக் கொண்டுபோனா செட்டு ஓடாதா?"

"ஓடும்."

"அப்புறம்?"

"அது யாரு வேணாலும் செய்யலாம்ல."

பாண்டிமீனா துணியை உதறிக் கொடியில் போட்டாள். இருபது வருஷக் குடித்தனத்தில் எந்த இடத்தில் வாயை மூடினால் தலைவலி வராது என்று தெரிந்து வைத்திருந்தாள்.

வோல்ட் திருகை ஒழுங்காகத்தான் வைத்தார். ஆம்பியர் திருகில்தான் பிறவிக்குணம் வந்து நின்றது. பேனலின் முதுகில் ஒட்டியிருந்த விவரத்தைப் படித்து, பெருக்கி வகுத்து, பத்து வைக்கலாம் என்று ஒரு விடை வந்தது. சரியான விடைதான். ஆனால் அதைப் பார்த்ததும் அவருக்கு நெஞ்சு கூசியது. அவர் பிறந்த வீட்டில் விருந்தாளி இலையில் 'போதுமா' என்று கேட்டுப் பரிமாறினாலே கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். வேண்டாம் வேண்டாம் என்று இலையின் மேல் குப்புறக் கவிழ்கிற ஆளின் கையை விலக்கிவிட்டுச் சோறு வைப்பதுதான் மரியாதை. மாமன் அளந்து வைத்தான் என்று பேர் வாங்கவா? போர்டில் பதினைந்து தாங்கும் என்று போட்டிருந்தது. திருகை வலது பக்கம் திருகிக்கொண்டே போனார். அது ஒரு சுற்றில் முடிகிற திருகு இல்லை, சுற்றிக்கொண்டே இருந்தது.

வரம்பு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பேட்டரிக்குப் போகிற இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கினார். அப்படிப் பார்ப்பதுதான் முறை. சிவப்பு எழுத்து பதினைந்து என்று காட்டியது.

"பாத்தியா? பதினஞ்சு!"

அப்படிச் சேர்த்து முறுக்கினால் ஒயரில் வோல்ட்டே இருக்காது, சுமையில்லாமல் ஓடுவது. வெறுங்கையோடு நிற்கும்போது யாரைக் கேட்டாலும் மூட்டை தூக்குவேன் என்றுதான் சொல்வான். இந்த அத்தியாயத்தையும் அசோக்குமார் படித்திருந்தார். பரீட்சைக்கு வராது என்று தாண்டிவிட்டார்.

பேட்டரியை மாட்டியதும் எழுத்து ஐந்துக்கு இறங்கி நின்றது. யாராக இருந்தாலும் இங்கே ஒரு சந்தேகம் வந்திருக்கும். அசோக்குமாருக்கு விளக்கம்தான் வந்தது. பேட்டரி தனக்கு வேண்டியதைத்தான் எடுக்கும். ஐந்துதான் எடுக்கிறது என்றால் அநேகமாக நிறைந்துவிட்டது என்று அர்த்தம். பழைய பேட்டரி, பாவம், வயிறு சின்னது. இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்து, நிறைந்த பேட்டரி என்று நம்பி, குட்டி யானை வண்டியில் ஏற்றினார்.

கோயிலில் காலை வெயில் சுளீரென்று அடித்தது. பேனலை வேப்பமர நிழல் படாத இடமாகப் பார்த்துச் சாய்த்து வைத்தார். மரத்தில் இரண்டு ஒலிபெருக்கிக் குழாய், கீழே ஆம்ப்ளிஃபயர், மைக். அது போதாதென்று பெரியவர்கள் உட்காருகிற பக்கம் இரண்டு, மொய் எழுதுகிற மேஜைக்கு இரண்டு என்று பேட்டரி ஃபேன்களும் மாட்டினார். கேட்காததைக் கொடுப்பதுதானே சீர். முனீஸ்வரியின் வீட்டுக்காரர் அழகுபாண்டி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி, "நமது மச்சான், மின்னியல் மாமணி, தாய்மாமன் அசோக்குமார் அவர்கள்" என்று ஆரம்பித்தார். அவருக்கு மைக் கிடைத்தால் போதும். பேசுவதற்கு விஷயம் வேண்டும் என்பதில்லை.

சூரியபிரகாஷ் எல்லைக் கல்லுக்கு வெளியே வண்டியை நிறுத்தினான். வண்டிக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு ஜெனரேட்டர்.

"அது எதுக்குடா?" என்றார் அசோக்குமார்.

"சும்மா கெடக்கட்டும்ண்ணே. எல்லைக்கு வெளியதான நிக்கிது. ஒயரு மட்டும் உள்ள இழுத்துக்கிட்டாப் போச்சு."

"தேவப்படாது."

"தேவப்படாதுண்ணே. எனக்குத் தெரியாதா?" என்றான் சூரியபிரகாஷ். உண்மையாகவே மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் எரிச்சல்.

சாமி பாட்டு ஓடியது. பந்தியில் இட்லியும் சாம்பாரும் குடல் குழம்பும் ஓடின. பிள்ளைக்கு மொட்டையடித்துக் குளிக்க வைக்கப் போன நேரத்தில், பாட்டு பாடிக்கொண்டிருந்தவர் குரலுக்குச் சளி பிடித்தது. ஃபேன்கள் யோசித்து யோசித்துச் சுற்றின. அசோக்குமார் ஓடிப்போய்ப் பார்த்தார். சிவப்பு எழுத்தில் அதே ஐந்து. செட்டும் ஃபேன்களும் சேர்ந்து அதைப் போல இரண்டு மடங்கு குடித்துக்கொண்டிருந்தன. பேட்டரி நிறைந்ததும் இல்லை, வயிறு சின்னதும் இல்லை. பாதி பட்டினியோடு வந்திருந்தது.

வலது பக்கம் திருகினார். ஐந்து. இன்னும் திருகினார். டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான். திருகு எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.

பாண்டிமீனா ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள். "என்னாச்சு?"

"பதினஞ்சு வச்சிருக்கேன். அஞ்சுதான் வருது."

"எம்புட்டு வரணும்னு நீங்க சொல்லுறத அது கேக்கணும்னு என்ன இருக்கு? நான் கேக்குறனா?"

முனீஸ்வரி தூரத்திலிருந்தே குழாயை ஒரு பார்வை, அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அழகுபாண்டி மைக்கில், "சிறிய தொழில்நுட்பக் கோளாறு, விரைவில்" என்று அறிவித்தார். அந்த அறிவிப்பின் பாதியைக் குழாய் விழுங்கிவிட்டது.

அப்போது அசோக்குமாருக்கு ஒரு யோசனை வந்தது. கோளாறைச் சரிசெய்கிற யோசனை இல்லை, மானத்தைக் காப்பாற்றுகிற யோசனை. வருவது ஐந்துதான் என்றால், வரம்பையும் ஐந்துக்கே இறக்கி வைத்துவிட்டால் என்ன? அப்புறம் யார் கேட்டாலும், ஐந்து போதும் என்று நான்தான் வைத்தேன் என்று சொல்லிவிடலாம். தோற்பதையே திட்டமாக அறிவித்துவிட்டால் அது தோல்வி ஆகாது. பாலிசி விற்கிற தொழிலில் கற்ற வித்தை. திருகை இடது பக்கம் சுற்ற ஆரம்பித்தார். எண் அசையவில்லை. பாதி வழியில் வந்திருப்பார், ஜெனரேட்டர் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு சூரியபிரகாஷ் வேகமாக வந்தான். அவன் கால், பேனலிலிருந்து வருகிற ஒயரில் மாட்டி, பிளக் பிடுங்கிக்கொண்டது.

"அய்யய்யோ, மன்னிச்சுக்கண்ணே!"

"கண்ணு எங்கடா இருக்கு?" என்று கத்திக்கொண்டே அசோக்குமார் பிளக்கைத் திரும்பச் சொருகினார்.

சிவப்பு எழுத்து மளமளவென்று ஏறிப் பத்தில் நின்றது. பாட்டுக்காரருக்குச் சளி தெளிந்தது. ஃபேன்கள் மொய் மேஜைத் துண்டைப் பறக்கவிட்டன.

"நீ ஜெயிச்சிட்டண்ணே!" என்றான் சூரியபிரகாஷ்.

அசோக்குமார் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். குறைத்ததற்குக் கூடியிருக்கிறது. பந்தியைப் பார்த்தார். அங்கே சாம்பார் வாளியோடு ஒரே ஒரு ஆள். பத்து இலை கூப்பிட்டபோது ஓடி ஓடி ஊற்றிக்கொண்டிருந்தவன், இப்போது அத்தனை பக்கமிருந்தும் "சாம்பார், சாம்பார்" என்றதும் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திகைத்து நின்றான். அதற்கப்புறம் கூப்பிடுவது குறைந்தும் அவன் வாளியை எடுக்கவில்லை. யாரோ உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா என்று அனுப்பினார்கள். திரும்பி வந்தவன் பழையபடி ஓடினான்.

பேனலும் அதைத்தான் செய்திருக்கிறது. தன்னால் முடியாத பதினைந்தைக் கேட்டதும் படுத்துவிட்டது. படுத்தது, வரம்பை இறக்கிய பிறகும் தானாக எழவில்லை. ஒருதரம் பிளக்கைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அதைக் கழற்றியது சூரியபிரகாஷின் கால். இந்தக் கடைசி உண்மையை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை என்று அசோக்குமார் அந்த இடத்திலேயே தீர்மானம் செய்தார்.

"என்ன மச்சான் செஞ்சீங்க?" என்று மைக்கிலேயே கேட்டார் அழகுபாண்டி.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணேன் மாப்ள."

"கூட்டுனீங்களா?"

அசோக்குமார் தும்மினார்.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக நடந்தது. பிள்ளைக்கு மொட்டையில் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிவந்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து மஞ்சள் தண்ணீரில் வைத்தார். பேயாண்டி விபூதித் தட்டோடு வெளியே வந்து, "நல்ல நேரம் வந்துருச்சு. தாய்மாமன் யாருப்பா, வந்து உக்காருங்க" என்றார்.

சரியாக அப்போது மேற்கேயிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. ஆவணி மேகம், மழை பெய்யாது, போகவும் போகாது. சிவப்பு எழுத்து பத்திலிருந்து இரண்டுக்கு விழுந்தது. பாட்டுக்காரர் மறுபடி இழுக்க ஆரம்பித்தார்.

மணையில் இரண்டு பேர் உட்காரலாம் போல இடம் இருந்தது. முனீஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அண்ணே!" என்றாள். சூரியபிரகாஷ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எதற்கும் தயாராக, ஒரு அடி முன்னால் நின்றான். போர்டின் பக்கத்தில் நின்றால் செட் ஓடும், மடி போய்விடும். மணைக்குப் போனால் மடி கிடைக்கும். ஆனால் பாதியில் செட் நின்றுபோனால், பேச்சுப்படி எழுந்திருக்க வேண்டும். பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்திருப்பது ஏணியில் நிற்பதைவிட மோசம்.

பத்து கேட்டால் இரண்டு. அப்படியானால் எவ்வளவு கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. திருகை இடது பக்கம் சுற்றினார், இன்னும் சுற்றினார், மாமன் வீட்டுச் சோற்றைக் கரண்டியில் வழித்து வைக்கிற மாதிரி கூசிக்கொண்டே சுற்றினார். பிளக்கைக் கழற்றி மாட்டினார். நான்கு. அசையாமல் நான்கு. செட் தனியாகக் குடிப்பது ஐந்து. குறைகிற ஒன்றைப் பேட்டரி பார்த்துக்கொள்ளும். ஃபேனுக்கு மட்டும் இடமில்லை.

நாலு ஃபேன் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கினார்.

மொய் மேஜையில் நின்ற காற்றைப் பார்த்து யாரோ உரக்கச் சொன்னார்கள்: "என்னப்பா இது, காத்தக் கூட முழுசா விட மாட்டேங்குறாரு? ஏ, மாமன் கருமியா இருப்பாரு போல!"

அவருடைய வம்சத்தில் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு ஒருத்தரும் சும்மா போனதில்லை. அசோக்குமார் சும்மா போனார். "ஆமா, கருமிதான்" என்று சொல்லிக்கொண்டே வேட்டியை இறுக்கிக் கட்டி, ஸ்க்ரூ டிரைவரை சூரியபிரகாஷ் கையில் கொடுத்தார். "குழாய்ல மாப்ள சத்தம் நின்னா மட்டும் போர்டப் பாரு. இடது பக்கம்தான் திருப்பணும். வலது பக்கம் திருப்பிராத."

"சரிண்ணே" என்றான் சூரியபிரகாஷ். ஜெனரேட்டர் ஒயரைச் சுருட்டிவைத்துவிட்டு, போர்டின் முன்னால் போய், அதைவிட முக்கியமான வேலை அன்றைக்கு எதுவும் இல்லாத மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தான். வெறுக்க முடியாத பயல்.

நிவிஷாவை மடியில் வாங்கினார். எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தாள், சந்தனமும் பாலும் மணத்தாள், நடக்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும் என்பது அவள் அவருடைய மீசையைப் பிடித்த பிடியிலேயே தெரிந்தது. அழகுபாண்டி மைக்கைக் கொண்டுவந்து மணைக்குப் பக்கத்தில் நீட்டினார். பிள்ளையின் அழுகை ஊருக்கே கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

"மாமா இருக்கேன்டா, ஒண்ணுமில்ல, எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்று அசோக்குமார் சொன்னது இரண்டு குழாயிலும் கேட்டது.

ஆசாரி கம்பியைக் கொண்டுவந்தார். கம்பி காதில் பட்டது. நிவிஷா மீசையை விடாமல் பின்னால் சாய்ந்தாள். "ஆ!" என்று வந்த அலறல் வேப்பமரத்துக் காக்கைகளைக் கிளப்பி, எல்லைக் கல்லைத் தாண்டி, உழுதுபோட்ட காட்டையெல்லாம் சுற்றிவந்தது. ஒரு இழுப்பு இல்லை, ஒரு கரகரப்பு இல்லை, அவ்வளவு தெளிவு. அலறியது பிள்ளை இல்லை என்பதும் எல்லாருக்கும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பிள்ளை அழுகையை மறந்துவிட்டு, வாயைத் திறந்தபடி மாமனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அசையாம உக்காரு" என்றாள் முனீஸ்வரி, சேலைத் தலைப்பால் அவர் கண்ணைத் துடைத்துவிட்டு. "இன்னொரு காது இருக்கு."